கண்ணாடி முன் நின்று சொன்னால் ஸ்பானிஷ் வருமா?

கேள்வி: 2024 மே 19

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். எல்ல பக்கம் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. சிங்களம் நன்றாக வரும், இங்கிலீஷ் சமாளிப்பேன். ஆகஸ்டில் ஸ்பெயின்காரர்கள் நிறைய வருவதால் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். தினமும் காலையும் இரவும் கண்ணாடியைப் பார்த்து "நான் சரளமாக ஸ்பானிஷ் பேசுகிறேன்" என்று 21 நாள் சொன்னால் ஆழ்மனம் அதை ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். தமிழில் சொல்கிறேன். ஸ்பானிஷில் "சோய் லிஸ்தோ", நான் தயார், என்றும் சொல்கிறேன். போன வாரம் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு ஸ்பானிஷ் ஜோடி என்னிடம் ஏதோ கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. இதைத் தொடரலாமா, இல்லை நேரம்தான் வீணா? ஹப்புத்தளை அக்கா ஒருவர் ஸ்பானிஷ் பேசுவார் என்றார்கள், அவர் பதில் சொன்னால் நல்லது.

மே 19, இரவு

தொடருங்கள் தம்பி. வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். "சரளமாகப் பேசுகிறேன்" என்று சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் "எங்கே, பேசு பார்ப்போம்" என்கிறதா இல்லையா? பாலத்தில் உங்கள் வாயை அடைத்தது அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், நான் ஸ்பானிஷ் 'பேசுவேன்' என்று யார் சொன்னார்களோ அவர்களுக்கு ஒரு பிளேன்டீ கடன். மூன்று அறை வாடகைக்கு விடுகிறோம், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அறை, சாப்பாடு, வழி, மழை, தேயிலை. இதற்குள் என் ஸ்பானிஷ் ஓடும். அரசியல் பேசினால் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். மீதியை நாளை எழுதுகிறேன், விடியற்காலை ரயிலுக்குப் போகிறவர்களுக்கு ரொட்டி சுட வேண்டும்.

மே 20

நேற்றுச் சொன்னது என் மனக்கணக்கு மட்டும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவள்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னையே மட்டமாக நினைக்கிறவர்களோ, சொல்லாமல் இருந்தவர்களை விட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்பானிஷ் தொடங்கும் நாளில் நாம் எல்லோருமே அந்த இரண்டாவது கூட்டம்தான். ஒரு வாக்கியம் உருப்படியாக வராது, ஆனால் கண்ணாடி முன் நின்று "சரளம்".

21 நாள் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' எங்கோ வழியில் விழுந்துவிட்டது, 'முகம்' என்பதும் விழுந்துவிட்டது, 21 மட்டும் மிஞ்சியது. பிறகு லண்டனில் பிலிப்பா லாலியின் குழு நிஜமாகவே அளந்து பார்த்தது. ஒரு சின்னப் பழக்கம் தானாக வர நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போகிறது. ஆகவே 22ஆம் நாள் காலையில் ஸ்பானிஷ் வரவில்லை என்று கண்ணாடியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மே 22

அவசரமாக ஒன்று. "சோய் லிஸ்தோ" என்றால் "நான் கெட்டிக்காரன்". தயாராக இருப்பதைச் சொல்ல "எஸ்தோய் லிஸ்தோ". இதுவரை காலையும் இரவும் கண்ணாடியிடம் பெருமையடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை, கண்ணாடி யாரிடமும் சொல்லாது.

மே 23

சோய், எஸ்தோய் வித்தியாசத்தை ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இரண்டுமே 'நான் ... இருக்கிறேன்' என்பதுதான். நிரந்தரமானதற்கு சோய், தற்காலிகத்துக்கு எஸ்தோய் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது பாதி வழிக்குத்தான் வரும். இறந்தவரை "எஸ்தா முவெர்த்தோ" என்று எஸ்தோய் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். அவர் என்ன, திரும்பியா வரப் போகிறார்? ஆள் எப்படிப்பட்டவர் என்றால் சோய், இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்றால் எஸ்தோய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓடும்.

மனசுக்குச் சொல்லும் வாக்கியங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். "எஸ்தோய் நெர்பியோசா" என்றால் எனக்கு இப்போது பதற்றமாக இருக்கிறது, அவ்வளவுதான். "சோய்" போட்டால் நான் பிறவியிலேயே பதற்றக்காரி. கதவு தட்டும் சத்தம் கேட்டவுடன் நான் முதலில் சொல்வது எஸ்தோய் வாக்கியத்தைத்தான். பதற்றம் இல்லை என்று பொய் சொல்வதில்லை. இருக்கிறது என்று ஸ்பானிஷிலேயே சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பேன். (ஆண்கள் நெர்பியோசோ என்று முடியுங்கள்.)

மே 26

கொட்டகலையிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார்: "நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஆட்களைக் குணப்படுத்தினாராமே, அதுவும் பொய்யா?"

எமில் குவே. 1857இல் பிறந்து 1926இல் இறந்தார். மருந்துக்கடைக்காரர். "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைகிறேன்" என்பதைத் தூங்கப் போகும் முன்பும் விழித்தவுடனும் 20 தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. அக்கா, உங்கள் வீட்டு ஜெபமாலை ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது.

குணமான கதைகளுக்குள் நான் போகவில்லை. அவர் சொன்னதில் இரண்டு விஷயம் மொழி படிக்கிறவருக்கு நேரே உதவும். ஒன்று, மனதுக்குள் முணுமுணுக்காமல் உதடு அசைய, தன் காதுக்குக் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னார். இன்னொன்று, அவர் வாக்கியம் "நான் நலமாகிவிட்டேன்" என்று முடியாது. போய்க்கொண்டே இருக்கும். அதை நான் இப்படி ஆக்கிக்கொண்டேன்: "காதா தீயா ஆப்லோ ஊன் போக்கோ மெஹோர்." தினம் தினம் கொஞ்சம் நன்றாகப் பேசுகிறேன். நேற்றை விட ஒரு சொல் கூடத் தெரிந்தாலும் அது உண்மை, உள்ளே இருக்கிற குரல் எதிர்த்துப் பேச வழி கிடைக்காது. ஸ்பானிஷில் சொல்வதால் நாக்குக்கும் வேலை. தமிழில் சொன்னால் அது வெறும் ஆறுதல்.

ஜூன் 2

வீட்டில் நடந்தது. ஹோய் என்று எழுதி ஓய் என்று படிப்பார்கள், இன்று என்று அர்த்தம், எழுதுகிற ஹ வாயில் வராது. போய் என்றால் போகிறேன். "இன்று பேசப் போகிறேன்" என்பது "ஓய் போய் ஆ ஆப்லார்". இதைக் காலையில் அடுப்படியில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாரப் போகச் சொல்ற?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து ஆட்டோவைக் கிளப்பும்போது அவரே "ஓய், போய்!" என்று கத்திவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் ஸ்பானிஷ் படித்த இரண்டாவது ஆள்.

ஜூன் 9

மழை, ஆள் இல்லை, கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

தம்பி, நீங்கள் "சிங்களம் நன்றாக வரும்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அது எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், இருந்தபோது எனக்குச் சிங்களம் காதில் விழும், வாயில் வராது. அம்மாவுக்கு மருந்து எடுக்க டவுனுக்குப் போவேன். கியூவில் நிற்கும்போதே வயிற்றைக் கலக்கும். கவுண்டரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்விக்கே நான் ஊமை. பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். என் பெயரைச் சொல்லக்கூடத் தடுமாறிய நாள் உண்டு. சிரிப்பார்கள். வேண்டுமென்று சிரிக்காதவர்களும் சிரிப்பதாக எனக்குத் தோன்றும்.

பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருத்தி அப்போது சொல்லிக்கொடுத்த வாக்கியம்: "மட்ட சிங்கள டிக்கக் தேரெனவா." எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். வாய் திறந்தவுடன் இதைச் சொல்லிவிடு, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். கியூவில் நின்றபடி இதையே உருட்டிக்கொண்டிருப்பேன். சொன்னவுடன் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைப்பார். சிலர் தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு கலந்து பேசுவார்கள். ஊமையாய் நின்றபோது யாரும் எனக்காக வேகத்தைக் குறைத்ததில்லை.

இந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். 'கொஞ்சம்' என்று ஒப்புக்கொள்கிறது, அதனால் பொய் இல்லை. 'விளங்கும்' என்கிறது, அதனால் என்னை ஒதுக்கிவிட முடியாது. அதோடு, அது கேட்கிற ஆளுக்கும் சேர்த்துச் சொல்கிற வாக்கியம். கண்ணாடிக்கு அது தேவையே இல்லை. ஸ்பானிஷில் நான் முதலில் தேடிப் பிடித்தது இதன் ஜோடியைத்தான்: "என்தியெந்தோ ஊன் போக்கோ. மாஸ் தெஸ்பாத்தியோ, போர் ஃபபோர்." கொஞ்சம் விளங்கும், மெதுவாகச் சொல்லுங்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். "நன்றாகப் படிப்பேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதை விட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டி வைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கிறார்களாம். பெரியம்மா கோல்விட்சரைப் படித்தவள் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமானால் அவளுக்குக் கைநாட்டு வைக்கக்கூட நேரம் இருக்காது.

சரி, உங்களுக்கு: பாலத்தில் யாராவது ஸ்பானிஷில் கேட்டால், முதல் மூச்சில் "என்தியெந்தோ ஊன் போக்கோ". அவ்வளவுதான் திட்டம். பதில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 10

மொழி வகுப்பில் வருகிற பயத்தை அளக்க அமெரிக்காவில் ஹார்விட்ஸ் குழுவினர் 1986இல் 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். பேசச் சொல்லி அழைப்பார்கள் என்றால் உடம்பு நடுங்குகிறதா, மற்றவர் சிரிப்பார்கள் என்று பயமா, இப்படிப் போகும். படித்துக்கொண்டு வரும்போது என் மருந்துக் கியூவை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து.

ஜூன் 16

இன்னொரு வழியும் முயன்று பார்க்கிறேன். இப்ராஹிம் செனாய், டொலோரஸ் அல்பராசின் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், "நான் செய்வேன்" என்று எழுதியவர்களை விட "செய்வேனா?" என்று எழுதியவர்கள் அடுத்து வந்த சொற்புதிர்களை அதிகம் அவிழ்த்தார்கள். கேள்வி கேட்டால் மனம் பதிலைத் தேடிப் போகிறதாம்.

ஸ்பானிஷில் இதற்குச் செலவே இல்லை. "புவெதோ ப்ரெகுந்தார்": என்னால் கேட்க முடியும். குரலை மேலே தூக்கினால் அதே சொற்கள் "கேட்கலாமா?" ஆகிவிடும். கொஞ்சம் மரியாதை சேர்த்து "புவெதோ ப்ரெகுந்தார்லே ஆல்கோ?" என்றால் "உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" காலையில் எனக்கு நானே கேட்கிற கேள்வியும், பத்து மணிக்கு விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். தனியாக ஒத்திகை வேண்டாம்.

ஜூலை 7

இப்போது ஒரு சந்தேகம், நானே எழுப்புகிறேன். இதெல்லாம் மனசுக்குச் சொல்கிற வாக்கியத்தால் வந்ததா, இல்லை ஒரே வாக்கியத்தைச் சத்தமாகப் பல தடவை சொன்னதால் மட்டும் வந்ததா? "தேயிலை பச்சை நிறம்" என்று தினமும் சொல்லியிருந்தாலும் இதே அளவு வந்திருக்குமோ?

நாக்கைப் பொறுத்தவரை, வந்திருக்கும். அங்கே நமக்கு இயல்பாகவே ஒரு வசதியும் இருக்கிறது. ஸ்பானிஷ் த நம் த போலவே பல்லில் பட்டு வரும், இங்கிலீஷ்காரர்கள் அதற்குத் திண்டாடுவார்கள். 'நாதா' என்ற சொல்லின் நடு எழுத்தை நாம் 'பாதை' சொல்கிற மாதிரி மென்மையாகச் சொன்னால் போதும், சரியாகவே இருக்கும். 'லாகோ' கூட 'பகல்' போலத்தான். "எனக்குப் பிடிக்கும்" என்கிற அமைப்பே அங்கும்: "மே குஸ்தா எல் தே", எனக்குத் தேநீர் பிடிக்கும். 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', 'நான்' தனியாகப் போட வேண்டாம். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர் கொழும்புக்குப் போய்த் திரும்பிப் பதுளைக்கு வருகிற ஆள். நேரே தமிழிலிருந்து போங்கள்.

கஷ்டம் அந்த அழுத்தமான ர்ர்தான். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ர்ரோ' என்றால் நாய். எழுத்தில் ர, ற இரண்டையும் பிரித்து எழுதுகிறோமே தவிர வாயில் எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான், காற்றைக் 'காத்து' என்கிற ஊர். அதற்கு எந்த உறுதிமொழியும் உதவாது. ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை வாயால் போட்டுப் பழகுங்கள்.

ஆனால் வாயைத் திறக்கிற அந்த முதல் நொடி இருக்கிறதே, அங்கே "தேயிலை பச்சை" உதவியிருக்குமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு என் கணிப்பு: நாக்குக்குத் திரும்பச் சொல்வது, நெஞ்சுக்கு உண்மையான வாக்கியம். இதை மாற்றினாலும் மாற்றுவேன்.

ஜூலை 14

நம்பிக்கை தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு சலுகை. போர்த்துக்கேயர் 1505இல் வந்து 1658 வரை இந்தத் தீவின் கரையோரத்தில் இருந்து விட்டுப் போன சொற்கள் நம் வாயில் இருக்கின்றன. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் பக்கத்து வீடு. ஆகவே பாண், மேசை, சப்பாத்து, துவாய், அலுமாரி, வாங்கு என்றால் அங்கே பான், மேசா, சபாத்தோ, தொவாயா, அர்மாரியோ, பாங்கோ. ஓர் அறையைக் காட்டுகிற அளவுக்குச் சொற்கள் முதல் நாளே கைவசம். "எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும்" என்று கண்ணாடியிடம் சொல்லலாம், அதுவும் உண்மைதான்.

ஜன்னலை மட்டும் நம்ப வேண்டாம். அது போர்த்துக்கேயத்தோடு நின்றுவிட்டது, ஸ்பானிஷில் 'பென்தானா'.

ஆகஸ்ட் 4

ஆகஸ்ட். ஹட்டன் பக்கம் கொட்டுகிறது, இங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. ஊவாவில் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுகிற காலம். மூன்று அறையும் நிறைந்துவிட்டது, இரண்டில் ஸ்பெயின்காரர்கள்.

முந்தாநாள் ஒரு குடும்பத்தை லிப்டன் சீட் என்கிற மலைமுனைக்குக் கூட்டிப்போனேன். மலையேறுகிற வழியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா என்னிடம் ஏதோ கேட்டார், வேகமாக, மூன்று கேள்வி ஒன்றாக. நான் தயாரித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் பொருந்தவில்லை. வாயில் வந்தது இது: "மி மாத்ரே ரெகோஹீயா தே என் எஸ்தா மொந்தாஞா." என் அம்மா இந்த மலையில் கொழுந்து எடுத்தார்.

இறந்தகாலத்தில் வழக்கமாகச் செய்ததைச் சொல்ல இந்த மாதிரி வினை 'ஈயா' என்று முடிய வேண்டும் என்பது புத்தகத்தில் எனக்குத் தகராறாகவே இருந்த பாடம். அங்கே தானாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். கூடை எவ்வளவு கனம், எத்தனை மணிக்குப் பெரட்டு, ஸ்டோரில் கொழுந்தை எப்படி வாட்டுவார்கள். தெரியாத சொல்லுக்குக் கையால் செய்து காட்டினேன். தப்புகள் எக்கச்சக்கம், ஆனால் எண்ணத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கிளாட் ஸ்டீல் 1988இல் எழுதிய சுய உறுதிப்பாட்டுக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. முன்பே படித்திருந்தும் அதன் சாரம் இப்போதுதான் உறைத்தது. எந்த விஷயத்தில் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறோமோ, அதிலேயே "நான் கெட்டிக்காரி" என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேறு எது முக்கியமோ, குடும்பம், நம்பிக்கை, செய்கிற வேலை, அதை நினைத்துக்கொண்டாலே பயத்தின் பிடி தளர்கிறது. ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளைத் தங்களுக்கு முக்கியமான விழுமியங்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுத வைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. பாடத்தைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே மே மாதம் கொடுத்த ஆலோசனைக்கு மேலே இதை வையுங்கள் தம்பி. ஸ்பானிஷைப் பற்றிய வாக்கியத்தை விடுங்கள். உங்களைப் பற்றிய உண்மையான ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷில் சொல்லுங்கள். யார் பிள்ளை, எந்த மலை, என்ன வேலை.

ஆகஸ்ட் 11

ஹட்டனிலிருந்து ஓர் அண்ணன் காரமாக எழுதியிருக்கிறார். "அம்மா கொழுந்து எடுத்ததை வெளிநாட்டுக்காரரிடம் சொல்லித்தான் தைரியம் வர வேண்டுமா? எத்தனையோ காலமாக நம்மைக் கூடையோடு படம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் தோட்டத்துக் கதையை விற்கிறீர்கள்."

அண்ணே, கோபம் நியாயமானது. ஓரிடத்தில் நானும் உங்கள் பக்கம்தான்: விருந்தாளிகள் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் கேட்காமல் கேமராவைத் தூக்கினால் நான் தடுத்துவிடுவேன். அதற்கும் ஸ்பானிஷில் வாக்கியம் வைத்திருக்கிறேன். "ப்ரிமேரோ ஆய் கே ப்ரெகுந்தார்." முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் லிப்டன் சீட்டில் என்ன இருக்கிறது? லிப்டன் துரையின் சிலை, உட்கார்ந்தபடி. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் கதையைப் பயணிகள் வரும் முன்பே படித்துவிட்டு வருகிறார்கள். நான் பேசாமல் நின்றால் அவர்கள் அந்த இரண்டு பெயரோடு இறங்கிப் போவார்கள். என் அம்மா வாக்கியத்தின் எழுவாயாக வருகிற கதையை நான் சொல்லாவிட்டால் எந்தப் பலகையிலும் அது எழுதியிருக்காது. காசுக்காகத்தான் வழிகாட்டுகிறேன், அதை மறைக்கவில்லை. அம்மாவும் காசுக்காகத்தான் கொழுந்து எடுத்தார்.

உங்களுக்கு அந்த வாக்கியம் கசந்தால் விட்டுவிடுங்கள். எனக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று இல்லை. "நான் கணக்கு வாத்தியார்" என்பதும் அதே வேலையைச் செய்யும்.

ஆகஸ்ட் 12

அண்ணன் நிஜமாகவே கணக்கு வாத்தியாராம். நான் சும்மா எழுதியது. இப்போது அவருக்கு எண்கள் வேண்டுமாம்: ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சின்கோ. ஸ்பெயின்காரர்கள் ஐந்தைத் 'தின்கோ' என்பார்கள், பல் இடுக்கில் காற்று விட்டு. லத்தீன் அமெரிக்காவில் 'சின்கோ'. எதைப் பழகினாலும் இரண்டு பக்கமும் விளங்கும்.

ஆகஸ்ட் 25

பண்டாரவளைத் தம்பியிடமிருந்து செய்தி. டெமோதரை ஸ்டேஷனில் ஒரு ஜோடியிடம் "புவெதோ ப்ரெகுந்தார்லே ஆல்கோ?" என்று தானே போய்க் கேட்டிருக்கிறார். வாய் திறந்தது. ஆனால் அவர்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லையாம், 'யோ' (நான்) என்பதை 'ஷோ' என்கிறார்கள், 'தூ' (நீ) வரவே இல்லை, நான் படித்தது எல்லாம் தப்பா என்று கேட்கிறார்.

அவர்கள் அர்ஜென்டினாக்காரர்களாக இருக்கும் தம்பி. புவெனஸ் அயர்ஸ் பக்கம் ய சத்தம் ஷ ஆகிவிடும், 'தூ'வுக்குப் பதில் 'போஸ்' என்பார்கள், அதற்கேற்ப வினையும் மாறும். யாழ்ப்பாணத்துக்காரர் முதல் தடவை நம்மோடு பேசும்போது விழிப்பாரே, அந்தக் கதை. உங்கள் படிப்பில் கோளாறு இல்லை. அடுத்த தடவை முதல் கேள்வியே "தே தோந்தே சோன்?", எந்த ஊர், என்று இருக்கட்டும். எந்தக் காதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ர்ர் பழகிய குரல் பதிவை அனுப்புங்கள், நெட் கிடைக்கும்போது கேட்டுச் சொல்கிறேன். நான் எழுதி வைத்த சொல் அட்டைகள் ஒரு கட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் மரக்கறி வாங்கப் பண்டாரவளைச் சந்தைக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உறுதிமொழி அட்டைகள் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும், அதில் பாதி வெற்றுத் தாள். உங்களுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.